முதுகில் போடும் விறைப்பூசி: எந்த மருந்து, யாருக்கு?

இடுப்புக்குக் கீழான சத்திரசிகிச்சைகளுக்கு முதுகில் செலுத்தும் மருந்துகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, மயக்க மருந்து வைத்தியர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு எந்த மருந்து போடுவார்கள்?

பெரும்பாலும் பியூபிவக்கேன், ஐயா. அதனுடன் குளுக்கோஸ் கலந்திருப்பதால் முள்ளந்தண்டு நீரைவிடப் பாரமாகி, நீங்கள் சாயும் பக்கமே இறங்கும். ஊசி போட்ட பின் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வயிற்றில் மேலிருந்து கீழாக வைத்து, எங்கே குளிர் தெரியவில்லை என்று கேட்பார்கள், உள்ளபடி சொல்லுங்கள். விறைப்பு இரண்டு, மூன்று மணித்தியாலம் நிற்கலாம். கால் அசைந்த பின்பும் சிறுநீர் இறங்கத் தாமதிக்கலாம். அதைத் தாதியிடம் மறைக்க வேண்டாம்.

செங்கலடியிலிருந்து: இந்த ஊசியால் வாழ்நாள் முழுவதும் முதுகு வலிக்குமா?

இல்லை, சகோதரி. குத்திய இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கலாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: வாப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. குளோபிடோகிரெல் குடிக்கிறார். சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையோ ஊசியையோ மறைத்தால், முள்ளந்தண்டுக்குள் இரத்தம் கசிந்து நரம்பை நெரித்து, கால்கள் செயலிழக்கக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்தவும் கூடாது. இருதய வைத்தியரும் மயக்க மருந்து வைத்தியரும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

கல்முனையிலிருந்து, தாதியர் மாணவி: விரைவில் தெளியும் லிக்னோக்கேனை ஏன் கைவிட்டார்கள்?

நல்ல கேள்வி, மகள். 1993 முதல் வெளிவந்த அறிக்கைகளில், ஊசி தெளிந்த பின் பிட்டத்திலும் தொடையிலும் வலி ஏற்படுவது பதிவானது. கால்களைத் தூக்கி வைத்துச் செய்யும் சத்திரசிகிச்சைகளில் அது கூடுதலாகக் காணப்பட்டது.

அதே மாணவி: சில நாட்களில் அது தானே மாறிவிடுகிறதே, பிறகு ஏன் பயம்?

மாறுவது உண்மைதான். ஆனால் அன்றே வீட்டுக்குப் போக வந்தவர் இரவு முழுவதும் வலியில் கிடப்பதை அற்பமாக நான் கருதவில்லை. வேறு மருந்து இருக்கும்போது அதை ஏற்க வேண்டிய தேவையும் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து ஒருவர்: அப்படியானால் பியூபிவக்கேனையே குறைத்துப் போடலாமே?

போடலாம். முழங்கால் போன்ற ஒருபக்கச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்த அளவைக் கொடுத்து, அந்தப் பக்கமாகப் பத்து, பதினைந்து நிமிடம் சரித்து வைத்தால், பெரும்பாலும் அந்தக் காலிலேயே விறைப்பு நிற்கும். ஆனால் அளவு குறையக் குறைய, இடையில் விறைப்புப் போதாமல் போகும் அபாயம் கூடும். குறுகிய சத்திரசிகிச்சைக்குக் குளோரோபுரோக்கேனும், சற்று நீண்டதற்குப் பிரிலோக்கேனும் எனக்கு விருப்பமானவை. ஆனால் அவை கிடைக்கின்றனவா என்பதை அந்தந்த வைத்தியசாலையிலேயே கேட்க வேண்டும். ரோபிவக்கேன் என்ற மருந்து பியூபிவக்கேனைவிடச் சற்று வலுக் குறைந்தது; காலின் அசைவு அதில் முன்னதாகவே திரும்பும்.

ஏறாவூரிலிருந்து: சிசேரியனுக்குப் பின் முதுகுவலி வருமாமே?

செங்கலடிச் சகோதரிக்கு எழுதியதைப் பாருங்கள். ஆனால் எழுந்து இருக்கும்போது கூடி, படுத்தால் குறையும் தலைவலி வேறு: ஊசி குத்திய இடத்தால் முள்ளந்தண்டு நீர் கசிவதால் வருவது. அதை உடனே வைத்தியருக்குத் தெரிவியுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: எனக்கு எத்தனை மில்லிலீற்றர் போடுவார்கள்?

உங்களை நேரில் பார்க்கும் வைத்தியர்தான் அதைச் சொல்ல முடியும். குடிக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் தடுப்பவை இருந்தால் முதலில் அவற்றைக் காட்டுங்கள்.