ஒரே கிரிட்: வடக்கே விழுந்தால் இங்கேயும் இருளுமா?

கேள்வி: ஓசூரில் சிறிய சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் இயந்திரங்கள்) பட்டறை நடத்துகிறேன். 2012-ல் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது. இப்போது நாடு முழுக்க ஒரே கிரிட் (மின்கடத்தும் வலைப்பின்னல்). எங்கோ ஒரு லைன் போனால் என் மெஷினும் நிற்குமா? பெரிய ஜெனரேட்டர் வாங்கலாமா?

பதில்: அந்தப் பயத்துக்காக மட்டும் வாங்காதீர்கள்.

2012 ஜூலை 30, 31 இரு நாளும் கிரிட் விழுந்தது. மேற்கையும் வடக்கையும் இணைக்கும் பினா–குவாலியர்–ஆக்ரா பாதையில் ஒரு சர்க்யூட் தரம் உயர்த்தும் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிஞ்சிய 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் லைனில் லோடு எகிறியது. ஷார்ட் சர்க்யூட் எதுவும் இல்லை. ஆனாலும் ரிலே (லைனைக் காக்கும் தானியங்கிக் கருவி) அதைக் கோளாறாக எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்தது. ஏசி (திசை மாறி மாறி ஓடும்) மின்சாரம் நாம் சொல்லும் வழியில் போகாது. ஒரு லைன் விழுந்தால் அதன் சுமை அந்தக் கணமே மற்ற லைன்களில் ஏறும். தாங்காதவை வரிசையாக டிரிப் ஆகும்.

அன்று தெற்கு, தல்சேர்–கோலார் போன்ற டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சார) இணைப்புகளால் மட்டுமே மற்ற மண்டலங்களோடு சேர்ந்திருந்தது. டிசி வழியே அந்தப் பக்கத்து அதிர்வெண் (ஏசி நொடிக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்ற அளவு) ஆட்டம் இங்கு வராது. வந்துகொண்டிருந்த மின்சாரம் குறைந்ததை, சில ஃபீடர்களை (துணை மின் நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் லைன்களை) தானியங்கி முறையில் வெட்டிச் சமாளித்தார்கள். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியே ஏசியிலும் இணைந்துவிட்டோம். ஆக, பெரிய சரிவில் நமக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அலகு ஒன்று சட்டென நின்றால், அந்த அடியை இன்று நாடே பகிர்ந்துகொள்கிறது. என் கணக்கில் இது லாபமான பேரம்தான். மொத்தம் எத்தனை லைன் என்பதைவிட, இரு பகுதிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு லைன்களை மட்டும் நம்பியிருக்கிறோமா என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் பட்டறையின் நிலை வேறு. 400 கிலோவோல்ட் வலைப்பின்னலில் ஒரு வழி அடைத்தால் மறுவழி உண்டு. துணை மின் நிலையத்திலிருந்து வரும் 11 கிலோவோல்ட் ஃபீடரோ பெரும்பாலும் ஒற்றைக் கிளை. நடுவே ஒரு மரக்கிளை உரசினாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லோருக்கும் கரண்ட் போய்விடும். நீங்கள் அன்றாடம் பார்க்கும் மின்தடையில் பெரும்பகுதி இந்த வகைதான்.

முதலில் மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் இரண்டு கேளுங்கள்: என் ஃபீடர் எந்தத் துணை மின் நிலையத்திலிருந்து வருகிறது? அது பழுதானால் வேறு ஃபீடரிலிருந்து மாற்றிக் கொடுக்க வசதி உண்டா? கூடவே மூன்று மாதம் மின்தடை நேரங்களைக் குறித்து வையுங்கள். எல்லாமே சில நிமிடங்கள் என்றால், கன்ட்ரோலருக்கு யூபிஎஸ் வைத்து, மெஷினை ஒழுங்காக நிறுத்தினால் போதும். மணிக்கணக்கில் போகிறது, மாற்று வழியும் இல்லை என்றால் ஜெனரேட்டர் வாங்குங்கள். அப்போதும் முழு லோடுக்கு வேண்டாம், பாதியில் நிறுத்த முடியாத மெஷின்களுக்கு மட்டும்.