அமெரிக்காவில் நீதிமன்ற உத்தரவை மீறும் கவுண்டி ஷெரிஃபை ஏன் உடனே நீக்க முடிவதில்லை?

அவருக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லை, அதனால்தான். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி, ஷெரிஃப் அதன் காவல் தலைவர். அரிசோனா மாநிலத்தில் ஷெரிஃப் 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பதவி. கவுண்டியை நடத்தும் மேற்பார்வையாளர் குழு அவருடைய பட்ஜெட்டில் கை வைக்கலாம். ஆளை நீக்க முடியாது. வாக்காளர்கள் அவரைத் திரும்ப அழைக்கலாம், அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே வாக்கெடுப்பு நடத்தி இறக்கலாம். ஆனால் அந்த வாக்கெடுப்பு நடக்க, முந்தைய தேர்தலில் அந்தப் பதவிக்குப் பதிவான வாக்குகளில் 25% அளவுக்குக் கையெழுத்துகளை 120 நாளில் திரட்ட வேண்டும். ஃபீனிக்ஸ் நகரம் இருக்கும் மரிக்கோபா கவுண்டியில் 2013-இல் ஷெரிஃப் ஜோ அர்பாயோவுக்கு எதிரான முயற்சி இந்த இடத்தில்தான் தோற்றது. சுமார் 3,35,000 கையெழுத்து தேவைப்பட்டது.

அப்போது மிஞ்சியது நீதிமன்றம். அர்பாயோவின் ஆட்கள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைக் குறிவைத்து வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்ற வழக்கு 2007-இல் தொடங்கியது. சட்டவிரோதக் குடியேறி என்ற சந்தேகத்தின் பேரில் மட்டும் யாரையும் பிடித்து வைக்கக் கூடாது என்று 2011 டிசம்பரில் நீதிபதி மர்ரே ஸ்னோ இடைக்காலத் தடை விதித்தார். அதன் பிறகும் ஷெரிஃபின் ஆட்கள் பிடித்து, எல்லைக் காவல் படையிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். 2013 மே மாதம் இனப்பாகுபாடு நிரூபணமானதாகத் தீர்ப்பு வந்தது. 2016-இல் அர்பாயோ உத்தரவுகளை மீறி சிவில் நீதிமன்ற அவமதிப்பு செய்தார் என்று ஸ்னோ தீர்ப்பளித்தார். அவரைப் பதவியிலிருந்து இறக்கியது அந்த ஆண்டு நவம்பர் தேர்தல்தான். 2017 ஜூலையில் குற்றவியல் அவமதிப்பிலும் குற்றவாளி என்றார்கள். தண்டனை அறிவிக்கும் முன்பே ஆகஸ்ட் 25 அன்று ட்ரம்ப் மன்னிப்பு வழங்கிவிட்டார்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மன்னிப்பு அந்தக் குற்றவியல் வழக்குக்கு மட்டும்தான். 2013 தீர்ப்பின்படி நியமிக்கப்பட்ட கண்காணிப்பாளர், ரோந்து கேமரா, பயிற்சி எல்லாம் அடுத்து வந்த ஷெரிஃபையும் கட்டுப்படுத்தின. செலவு முழுக்கக் கவுண்டியில் வரி கட்டுகிறவர்கள் தலையில்.