பள்ளி ஒரு கவுன்சிலில், வீடு இன்னொன்றில்: எடைக் கடிதம் வந்தால் யாரைக் கேட்பது?

வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் இயர் 6 (ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு) படிக்கிறாள். பள்ளியில் உயரமும் எடையும் எடுத்தார்கள். 'மிக அதிக எடை' என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடையைச் சரிசெய்யக் குடும்பங்களுக்கு இலவச வகுப்பு இருக்கிறதாம். ஆனால் நாங்கள் போன வருடம் பக்கத்து பரோவுக்கு (லண்டனின் உள்ளாட்சிப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுன்சில்) வீடு மாறிவிட்டதால் சேர்க்க முடியாது என்கிறார்கள். பள்ளி இன்னும் பழைய பரோவில்தான். யாரிடம் போவது? இது சோஷல் சர்வீஸுக்கும் (பிள்ளைகள் பாதுகாப்பைக் கவனிக்கும் கவுன்சில் பிரிவு) தெரிந்துவிடுமோ என்று இரவில் தூக்கமில்லை."

முதலில் அந்தத் தூக்கத்தைத் திருப்பித் தருகிறேன். எடை கூடியிருப்பது மட்டுமே சோஷல் சர்வீஸ் தலையிடக் காரணம் ஆகாது. உங்கள் மகளின் முடிவைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ரிசெப்ஷனிலும் (பள்ளியின் முதல் வருடம்) இயர் 6இலும் எல்லாப் பிள்ளைகளையும் இப்படி அளக்கிறார்கள். நீங்கள் தனியாகவும் இல்லை. 2023-24 கணக்கில் இயர் 6 பிள்ளைகளில் 22.1 சதவீதத்தினர் உடல் பருமன் பிரிவில் இருந்தார்கள். வசதி மிகக் குறைந்த பகுதிகளில் அது 29.2 சதவீதம், வசதி மிகுந்த பகுதிகளில் 13 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது இதைத் தாயின் கைப்பக்குவத்தின் குற்றமாக யாரும் உங்கள் மேல் சுமத்த முடியாது.

இனி அந்தக் கதவு ஏன் மூடியது என்று பார்ப்போம். 2013 ஏப்ரலிலிருந்து பொதுச் சுகாதாரம் கவுன்சில்களின் பொறுப்பு. பிள்ளைகளை அளப்பது அவர்கள் சட்டப்படி செய்தே ஆகவேண்டிய வேலை. ஆனால் அளந்த பிறகு வகுப்பு நடத்தவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மத்திய அரசு தரும் பொதுச் சுகாதார மானியத்திலிருந்து எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவு செய்கிறது. பல இடங்களில் அது வகுப்பைத் தன் ஊழியரை வைத்து நடத்துவதில்லை. டெண்டர் விட்டு, ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ சுகாதார நிறுவனத்துக்கோ சில ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கிறது. எந்த வயது, எத்தனை குடும்பம், யாரைச் சேர்க்கலாம் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். தொலைபேசியில் பேசிய பெண் மனமில்லாமல் மறுக்கவில்லை. அவர் கையில் இருந்த ஒப்பந்தம் அப்படி. கடிதம் பள்ளி இருக்கும் கவுன்சிலிலிருந்து வருகிறது, உதவியோ பல இடங்களில் வீட்டு முகவரியைப் பார்த்துக் கிடைக்கிறது. உங்களைப் போல எல்லைக்கோட்டில் வாழும் லண்டன் குடும்பங்கள் இந்த இடுக்கில் அடிக்கடி மாட்டுகின்றன.

எல்லா ஒப்பந்தமும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் வசிப்பிடம் மட்டும்தான் கணக்கு. சிலவற்றில் அந்தப் பரோவில் பள்ளியோ ஜிபியோ (குடும்ப மருத்துவர்) இருந்தாலும் போதும். ஆகவே பழைய கவுன்சிலை மறுபடி அழைத்து, "பள்ளி உங்கள் பகுதியில், ஜிபியும் அங்கேதான் (இன்னும் மாற்றவில்லை என்றால்), சேர்க்க வழி உண்டா?" என்று கேளுங்கள். பிறகு புதிய கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பிரிவை அழைத்து, "10 வயதுப் பிள்ளைக்குக் குடும்ப எடை உதவி யார் நடத்துகிறார்கள்? நாங்களே நேரே பதியலாமா, ஜிபி கடிதம் வேண்டுமா?" என்று கேளுங்கள். பல இடங்களில் பெற்றோரே பதியலாம். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி இருந்தால் வகுப்பு நேரத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தமிழில் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

வகுப்பில் என்ன நடக்கும்? பட்டினி போடமாட்டார்கள். பெரும்பாலும் சில வாரங்கள், வாரம் ஒருமுறை, பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து போவீர்கள். விளையாட்டு, தட்டில் எவ்வளவு போடுவது, பாக்கெட் லேபிளைப் படிப்பது, தூக்கம், திரை நேரம் என்று போகும். வளரும் பிள்ளைக்குப் பல சமயம் எடையைக் குறைப்பது இலக்கே இல்லை; எடை நிற்க, உயரம் கூடினால் போதும். ஒரு விஷயம் மட்டும் நீங்களாகவே சொல்லவேண்டியிருக்கும்: உங்கள் வீட்டுச் சாப்பாடு. சோறு, பிட்டு, இடியாப்பம், பிறந்தநாள் வீட்டு ரோல்ஸ் எல்லாவற்றையும் அப்படியே சொல்லுங்கள். பாஸ்தா அளவைக் கற்றுக்கொண்டு வந்தால் இரவுச் சோற்றுக்கு அது உதவாது.

வகுப்புக்குக் காத்திருக்காமல் ஜிபியிடம் போகவேண்டிய அடையாளங்கள் சில உண்டு. கழுத்தின் பின்புறமோ அக்குளோ கறுத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் கவனியுங்கள். நம் வீடுகளில் அதை அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பாவம், பிள்ளைக்கு வலிக்கும், கறுப்பு போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுதல், முட்டியிலோ இடுப்பிலோ வலி, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் இவற்றுக்கும் உடனே போகவேண்டும். தேவைப்பட்டால் ஜிபி மருத்துவமனைச் சிறப்புச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அது என்ஹெச்எஸ் (தேசிய சுகாதாரச் சேவை) பணத்தில் நடப்பது, கவுன்சில் ஒப்பந்தத்தோடு சம்பந்தமில்லை.

தெற்காசியப் பிள்ளைகளுக்கு அதே பிஎம்ஐயில் (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) உடல் கொழுப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும், பெரியவர்களான பின் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் அதிகம். கடிதத்தின் கணக்கு, 1990ஆம் ஆண்டு பிரிட்டன் பிள்ளைகளை அடிப்படையாக வைத்த வளர்ச்சி வரைபடத்திலிருந்து வருகிறது. அதில் 98வது கோட்டைத் தொட்டால், அதாவது அந்த வரைபடத்தில் அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 98 பேரின் பிஎம்ஐ இதற்குக் கீழே என்றால், 'மிக அதிகம்'. வீட்டில் நீங்களே பார்க்க எளிய வழி: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும். 140 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 70க்குக் கீழே. மகள் முன்னால் எண்ணைச் சொல்லிப் பெருமூச்சு விடாதீர்கள். 'குண்டு' என்று செல்லமாகக்கூடக் கூப்பிட வேண்டாம் என்று மாமா, சித்தி எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

புதிய கவுன்சிலில் வகுப்பே இல்லை என்றால் ஸ்கூல் நர்ஸைக் கேளுங்கள், அவர் நேரில் பேசி வழிகாட்டுவார். கூடவே உங்கள் வார்டு கவுன்சிலருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: கடிதம் வந்தது, உதவி இல்லை என்று. கவுன்சிலின் உடல்நல நல்வாழ்வு வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 20 வேலைநாளில் பதில் தரவேண்டும். புதிய டெண்டர் எழுதும் முன்புதான் எல்லைக்கோட்டுக் குடும்பங்களைச் சேர்க்கவும், தமிழ் தெரிந்த ஊழியர் கேட்கவும் முடியும்; கையெழுத்தானபின் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

செப்டம்பரில் மகள் செகண்டரிக்குப் போகிறாள். ஸ்கூல் நர்ஸ் மாறலாம், வயது வரம்பும் குறுக்கே வரலாம். கோடை விடுமுறைக்கு முன்பே இரண்டு கவுன்சிலையும் அழைத்துவிடுங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.