சீரம் அயன் இறங்குது, பெரிட்டின் ஏறுது: எந்த ரிப்போட்டை நம்புவது?

கேள்வி: எனக்கு 39 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். சில மாதங்களாக ஒரே களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஜூன் மாத ரிப்போட்டில் ஈமோகுளோபின் 11.2, எம்சிவி (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) 76, சீரம் அயன் 96, டிஐபிசி 438, பெரிட்டின் 9. அன்று காலையில் இரும்புக் குளிசை போட்டுவிட்டுத்தான் லேபுக்குப் போனேன். ஓகஸ்ட்டில் காய்ச்சல் விட்ட மறுநாள் எடுத்ததில் சீரம் அயன் 27, பெரிட்டின் 52, சிஆர்பி 38. இரண்டும் தலைகீழாக இருக்கிறதே, எது பிழை? குளிசையைத் தினமும் காலைப் பால் தேத்தண்ணியோடு எடுக்கிறேன். மாதவிடாய் ஏழு நாள், கட்டி கட்டியாகப் போகும்.

பதில்: இரண்டும் பிழையில்லை. இரண்டுமே உங்கள் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்கின்றன. சீரம் அயனைத் தனியாக வைத்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம்.

உடம்பில் உள்ள இரும்பு எல்லாம் சேர்த்தே 3, 4 கிராம்தான். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. அதில் பெரும்பங்கு செங்குழியங்களில் இருக்கிறது. இரத்தத் திரவத்தில் ஓடிக்கொண்டிருப்பது வெறும் 3 மில்லிகிராம் அளவு. சீரம் அயன் அளப்பது இதைத்தான். ஆனால் ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இந்த வழியாகப் போகிறது. அதில் பெரும்பாலானது, 120 நாள் வாழ்ந்து முடிந்த செங்குழியங்களை மண்ணீரலும் ஈரலும் உடைத்து மீட்டெடுப்பது. சாப்பாட்டிலிருந்து வருவது 1, 2 மில்லிகிராம் மட்டுமே. நாளுக்குப் பல தடவை மாறும் இந்தச் சிறு அளவு, ஒரு குளிசை போட்டாலே சில மணி நேரத்துக்கு உயர்ந்துவிடும். ஜூனில் வந்த 96 அப்படி வந்ததுதான்.

இரும்பு இரத்தத்தில் தனியாகத் திரிந்தால் திசுக்களைச் சேதப்படுத்தும். அதனால் ட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை ஏற்றிச் செல்கிறது. காலி றோட்டு பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டே இருக்கை. சாதாரணமாக மொத்த இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். கையிருப்பு குறைந்தால் ஈரல் இன்னும் நிறைய பஸ் விடும். அதைக் காட்டுவதுதான் டிஐபிசி. உங்கள் 438 வழமையான 250 – 450 என்ற எல்லையின் உச்சியில் நிற்கிறது. 96ஐ 438ஆல் வகுத்தால் 22 வீத இருக்கைகள் நிரம்பியிருப்பதாக வரும். 16 வீதத்துக்குக் கீழே போனால்தான் குறைவு என்று சந்தேகிப்போம், ஆனால் குளிசை போட்டுவிட்டுக் கொடுத்த இரத்தத்தில் இந்தக் கணக்கே செல்லாது.

கலங்களில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான பெரிட்டின்தான் கையிருப்பைக் காட்டுவது. நோய் எதுவுமில்லாத பெரியவருக்கு லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் இரும்புக் குறைவு என்பது உலக சுகாதார அமைப்பின் 2020 வரையறை. (ரிப்போட்டில் மில்லிலீற்றருக்கு நானோகிராம் என்று இருந்தாலும் எண் அதேதான். சீரம் அயன் மைக்ரோமோலில் இருந்தால், இங்குள்ள எண்ணோடு ஒப்பிட 5.6ஆல் பெருக்குங்கள்.) உங்களுடையது 9. இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

சரி, ஓகஸ்ட்டில் 52 எப்படி வந்தது? காய்ச்சல் வந்தால் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைக் கூட்டும். கலங்களிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசலை அது பூட்டிவிடும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் பண்ணும் வேலை அது. இரும்பு உள்ளே அடைபட சீரம் அயன் விழும், பெரிட்டின் ஏறும். டெங்குவில் இந்த ஏற்றம் ஆயிரக்கணக்கில்கூடப் போகும். சிஆர்பி 38 என்பது அழற்சி இன்னும் அடங்கவில்லை என்பதற்குச் சாட்சி. அழற்சி இருக்கும்போது எல்லைக்கோடு 15 அல்ல, 70. அப்படிப் பார்த்தால் 52உம் குறைவுதான்.

இனி குளிசை. பால் தேத்தண்ணியோடு எடுத்தால் பாதிப் பயன் போய்விடும். தேயிலையின் பொலிபீனோல் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கல்சியமும் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, ஒரு மணி நேரமாவது கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். வயிறு எரிந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். குளிசைக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கட்டாயமில்லை. முருங்கையிலை, பருப்போடு சாப்பிடும்போது பிழிந்துவிட்டால் அங்கே நல்ல பலன். தைரொக்சின் (தைரொயிட் குளிசை) எடுப்பவரானால் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஒரு டோஸ் உள்ளே போனால் ஹெப்சிடின் ஒரு நாள் உயர்ந்தே இருக்கும், அதனால் ஒன்றுவிட்ட நாள் எடுத்தால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. உங்களுக்கு இது பொருந்துமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சரியாக எடுத்தால் நாலு வாரத்தில் ஈமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடரவேண்டும்.

ஆனால் ஓட்டையை அடைக்காமல் நிரப்பிப் பயனில்லை. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிடாயில் 80 மில்லிலீற்றர் போனால் 40 மில்லிகிராம் போச்சு. உடம்பின் சாதாரண இழப்பே மாதத்துக்குச் சுமார் 30. சாப்பாட்டிலிருந்து மாதத்துக்கு 30 முதல் 60தான் வருகிறது. கட்டியாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே பெண்ணோயியல் வைத்தியரிடம் காட்டி ஸ்கான் செய்வது குளிசையைப் போலவே முக்கியம். மணிக்கு ஒரு பாட் மாற்ற வேண்டி வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, இருந்த இடத்தில் மூச்சுத் திணறல் வந்தாலோ காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த பரிசோதனையைக் காய்ச்சல் விட்டு மூன்று நாலு வாரம் கழித்து, காலையில் வெறும் வயிற்றில், 24 மணி நேரம் குளிசை நிறுத்தி, அதே லேபில் எடுங்கள். பெரிட்டினோடு சிஆர்பியும் சேர்த்து. கையிருப்பு நிரம்பிய பிறகும் எம்சிவி 80ஐத் தாண்டாவிட்டால் தலசீமியா (பரம்பரையாக வரும் ஈமோகுளோபின் கோளாறு) காவியாக இருக்கிறீர்களா என்று பார்க்கவேண்டும். நம் நாட்டில் அது அரிதல்ல. அதற்கான ஹெச்பிஏ2 (ஈமோகுளோபினின் ஒரு வகை) பரிசோதனையை இப்போதே எடுக்க அவசரப்பட வேண்டாம். இரும்புக் குறைவு அந்த அளவையும் இறக்கிக் காட்டிவிடும்.