தேன்பெட்டியைத் திறந்துகொண்டே பேசுங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் முப்பது தேன்பெட்டிகள் வைத்திருக்கிறோம். தேனீ வளர்ப்பு பற்றி யூடியூபில் ஆறு வீடியோ போட்டேன். சொந்தக்காரர்கள்கூட பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நல்ல கேமரா வாங்க வேண்டுமா? எங்கள் ஊர்ப் பேச்சை மாற்றிப் பேச வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குழித்துறை

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் அனுப்பிய ஆறு வீடியோக்களையும் பார்த்தேன். கேமரா வாங்காதீர்கள். இருக்கிற போனே போதும்.

எல்லா வீடியோவிலும் முதல் ஒன்றரை நிமிடம் வணக்கம், சேனல் பெயர், பெல் பட்டனை அழுத்துங்கள் என்றே போகிறது. பெட்டி மூடியே இருக்கிறது. பார்க்கிறவர் அதற்குள் போய்விடுவார். யூடியூப் ஸ்டுடியோவில் எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று ஒரு கோடு காட்டும், பாருங்கள். உங்கள் கோடு விழுகிற இடம் அங்கேயே தெரியும்.

நான்காவது வீடியோவின் ஏழாவது நிமிடத்தில் ஒரு விஷயம் சொல்கிறீர்கள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலை உதிர்ந்து தளிர் விடும்போது காம்பு நுனியில், மூன்று இலையும் சேருகிற இடத்தில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது என்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது! தேன் என்றாலே பூ என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அதை ஏழாவது நிமிடத்தில் ஒளித்து வைக்கலாமா? ஒரு தளிரைக் கையில் பிடித்து, அந்த இடத்தைப் பக்கத்தில் காட்டி, இதிலிருந்துதான் நம்ம தேன் வருது என்று தொடங்குங்கள். வணக்கம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் பிறகு ஒரு வரியில் சொன்னால் போதும்.

நீங்கள் பெட்டி முன்னால் நின்று ஒப்பிக்கிறீர்கள். கை வேலை செய்தால் வாய் தானாகப் பேசும். போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்கள் பெட்டிக்குள் தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்குங்கள். அடையின் மேல் மெழுகு மூடியைக் கத்தியால் சீவும்போது தேன் மெல்லத் திரண்டு வழியுமே, அதை முழுதாகக் காட்டுங்கள். அந்த இடத்தில் பேசவே வேண்டாம். தேனீயின் இரைச்சல் கேட்கட்டும். சினிமாப் பாட்டைப் பின்னால் போட்டால் அந்த இரைச்சலும் போகும், பதிப்புரிமைச் சிக்கலும் வரும்.

படம் சுமாராக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் தெளிவில்லை என்றால் பொறுக்க மாட்டார்கள். முட்டம் கடற்கரையில் அரை நாள் நின்று எடுத்த என் பேட்டி ஒன்று காற்று இரைச்சலிலேயே வீணாகிப்போனது. அன்றிலிருந்து சட்டையில் குத்துகிற சின்ன மைக் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், பஞ்சு உறையோடு வாங்குங்கள். வெளிச்சத்துக்குக் காலை எட்டு மணி நல்ல நேரம். உச்சி வெயிலில் ரப்பர் இலை இடுக்கு வழியே விழும் ஒளி முகத்தைப் புள்ளி புள்ளியாக்கிவிடும். தேன் பட்ட விரலால் போனைத் தொட்டிருப்பீர்கள், ஐந்தாவது வீடியோ முழுக்க மங்கலாக இருக்கிறது. எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள்.

பேச்சை மாற்றாதீர்கள், தயவுசெய்து. செய்தி வாசிப்பதுபோலப் பேசுகிற இடத்தில் உங்களுக்குக் குரலே இறுகுகிறது. மூன்றாவது வீடியோவில் ஒரு தேனீ கொட்டியதும் உங்களை மறந்து, "எனக்க பெட்டி, என்னையே கொத்துது பாரு" என்றீர்களே, ஆறு வீடியோவிலும் நான் திரும்பப் பார்த்தது அந்த ஓர் இடம்தான். வெளியூர்க்காரருக்குப் புரியாத சொல் வந்தால் திரையில் எழுத்தாகப் போடுங்கள்.

விளம்பர வருமானம் உடனே வராது. ஆயிரம் சந்தாதாரர்கள், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை சேர வேண்டும். அதற்கு முன்பே தேன் கேட்டு ஆள் வரக்கூடும்.

அடுத்த முறை பெட்டி திறக்கும்போது மூன்று நிமிட வீடியோ ஒன்று எடுங்கள். போடும் முன் தேனீ பற்றித் தெரியாத ஒருவரிடம் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். கண் எங்கே விலகுகிறதோ, அங்கே வெட்டுங்கள். ஏழாவது வீடியோவை எனக்கும் அனுப்புங்கள்.