அம்மா ஹட்டனிலிருந்து முதல் தடவையாக லண்டன் போகிறார். எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்?

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழியாக ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் போக 11 மணி நேரம், திரும்பி வரப் பத்தரை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசுவதால் வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். ஏதாவது நாடு வான்பரப்பை மூடினால் சுற்றிப் போக வேண்டும், நேரமும் கூடும்.

ஆனால் மலையகத்து ஹட்டன்காரருக்கு இது அரைக் கணக்குதான். நானும் ஹட்டன் பக்கம். ஒரு ஜூன் மாதம் என் அம்மாவை லண்டனில் இருக்கும் அக்காவிடம் கூட்டிப்போனேன். அம்மாவைப் படுத்தியது விமானம் இல்லை, வேன்.

ஹட்டனிலிருந்து விமான நிலையத்துக்கு ரோட்டில் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். விமானம் பத்து நிமிடத்தில் கடக்கிற தூரம். நமக்கு நாலரை மணி நேரம். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல இறங்குகிற வரை வளைவுக்கு மேல் வளைவு. அம்மா ஒரு கையில் தேசிக்காயை மோந்துகொண்டு, மறு கையில் சொப்பிங் பேக்கைப் பிடித்தபடி, "இன்னும் எத்தன வளைவு இருக்கு தம்பி?" என்று வேன்காரரைக் கேட்டுக்கொண்டே வந்தார். போதாக்குறைக்கு வழியில் மண் சரிந்து, ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றோம். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பியதால் தப்பித்தோம். 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், விமானம் பகல் 1 மணிக்கு.

ரயிலில் போகலாமே என்பார்கள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கே ஐந்து மணி நேரம் போகும், அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். பெட்டி படுக்கையோடு அந்த வேலை வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலம் என்பதால், அந்த மாதங்களில் போவதானால் முதல் நாளே இறங்கி விமான நிலையத்துக்குக் கிட்ட நீர்கொழும்புப் பக்கம் தங்குவதுதான் நல்லது.

அப்புறம் மணிக்கணக்கு. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. நாங்கள் அங்கே இறங்கும்போது மாலை ஏழரை, வெளியே நல்ல வெளிச்சம். அம்மாவின் கைக்கடிகாரத்திலோ நடுச்சாமம் 12. கடைசிவரை அதைத் திருப்ப விடவில்லை, வீட்டில் என்ன நேரம் என்று தெரிய வேண்டுமாம். குடிவரவு வரிசை, பெட்டி, கார் எல்லாம் முடிந்து அக்கா வீட்டுக்குள் கால் வைத்தபோது, ஹட்டனை விட்டு 24 மணி நேரம்.

அம்மா தனியாகப் போவதென்றால் ஐம்பதாயிரம் மிச்சமானாலும் டோஹா, துபாய் வழியாக அனுப்பாதீர்கள். டோஹாவுக்கு 5 மணி நேரம், அங்கிருந்து 7 மணி நேரம், நடுவில் காத்திருப்பு வேறு. அந்தப் பெரிய விமான நிலையத்தில் அடுத்த வாசலைத் தேடி அலைய வேண்டும். நேரடி விமானத்தை ஸ்ரீலங்கன் ஓட்டுகிறது. டிக்கட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நடக்க முடிந்தவர் என்றாலும் கேளுங்கள். கூடவே ஆள் வந்து, குடிவரவு தாண்டி வெளியே கொண்டுவந்து விடுவார்.

திரும்பி வரும் நாளுக்கும் இப்போதே வேன் பேசிவையுங்கள். இரவு 9 மணிக்கு அங்கே ஏறினால் மறுநாள் பகல் 12, 1 மணிக்கு இங்கே இறங்குவார். தேசிக்காயை மறக்க வேண்டாம், வரும்போது அதே வளைவுகளில் ஏற வேண்டும்.