மலர்ச்சாலைக்கு முன்கூட்டியே கட்டிய பணம்: விலை ஏறிவிட்டது என்று மேலதிகமாகக் கேட்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். அப்பா 2019இல் தன் இறுதிச் சடங்குச் செலவுக்காக ஒரு மலர்ச்சாலையின் தவணைத் திட்டத்தில் சேர்ந்து, 2021இல் அறுபதாயிரம் ரூபாவையும் கட்டி முடித்தார். பெட்டி, வாகனம், பந்தல், கதிரை எல்லாம் அதற்குள் அடக்கம் என்று அவர்கள் தந்த அட்டையில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் அப்பா வீட்டிலேயே காலமானார். ‘சாமான் விலை ஏறிவிட்டது, அந்தக் கணக்கு இப்போது சரிவராது’ என்று சொல்லி இன்னும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கேட்டார்கள். அதில் எங்களைக் கேட்காமலே எம்பாம் பண்ணிய (உடல் கெடாமல் மருந்தேற்றிய) காசும் சேர்த்தி. வீடு நிறையச் சனம். அண்ணன் அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, காசையும் கட்டிவிட்டார். இப்போது வேறொரு இடத்தின் முகவர் அம்மாவிடம் இதே மாதிரித் திட்டத்தோடு வந்து போகிறார். பிள்ளைகளுக்குச் சுமை வைக்கக்கூடாது என்று அம்மா சேரப் பார்க்கிறார். கட்டிய காசு திரும்பக் கிடைக்குமா? அம்மாவைச் சேர விடலாமா?

பதில்: சகோதரி, முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருள் அல்லது சேவை கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. துடக்கு, அந்தியேட்டி என்று வீட்டுக் கதவு சாத்தியிருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில் ஓடித்தான் தீரும். இந்தக் காலக்கெடுவை எழுதியவர்கள் எங்கள் பக்கத்துச் செத்தவீட்டைக் கண்டவர்களாக இருக்க முடியாது என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இனி விலை. அப்பா செய்தது ஓர் ஒப்பந்தம். அவர் தன் பக்கத்துக் கடமையை 2021இலேயே முடித்துவிட்டார். 2022இல் எல்லாச் சாமானும் விலை ஏறியது உண்மைதான், பெட்டி செய்யும் பலகையும் விதிவிலக்கில்லை. ஆனால் விலை ஏறினால் நட்டம் யாருக்கு என்பது ஒப்பந்தத்திலேயே தீர்ந்துவிட்ட விசயம். முன்கூட்டிக் காசு வாங்கி, அதைத் தன் வியாபாரத்தில் போட்டுப் புரட்டியவர் மலர்ச்சாலைக்காரர். ஒரு கடமையை நிறைவேற்றுவது எதிர்பார்த்ததைவிடச் செலவாகிவிட்டது என்பது, எங்கள் நீதிமன்றங்கள் பின்பற்றும் ரோமன் டச்சுச் சட்டத்தில் அந்தக் கடமையிலிருந்து தப்பும் காரணமல்ல. நிறைவேற்றவே முடியாமல் போனால் அது வேறு கதை. ஆகவே அட்டையின் பின்பக்கம் முழுவதையும் வாசியுங்கள். ‘விலை மாற்றத்துக்கு உட்பட்டது’ என்ற வரி எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் நிலை பலமானது. பொடி எழுத்தில் இருந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சேர்க்கும்போது ‘எல்லாம் அடக்கம்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு கையை விரிப்பது, மேலே சொன்ன நுகர்வோர் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடை செய்யும், ஏமாற்றி வழிநடத்தும் நடத்தைக்குள் வருமா என்று கேட்கலாம். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்கள் நியாயமானவையா என்று பார்க்க, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டமும் இருக்கிறது.

அண்ணனின் கையெழுத்து கொஞ்சம் சிக்கல், மறைக்கவில்லை. ‘மிகுதிப் பணம் கட்டச் சம்மதம்’ என்று அதில் இருந்தால், அதைத்தான் அவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அப்பாவின் உரிமையை அண்ணன் தனி ஆளாக விட்டுக்கொடுக்க முடியாது. அப்பா மரண சாசனம் எழுதாமல் போயிருந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அந்த உரிமையில் பாதி அம்மாவுக்கு, மிகுதிப் பாதி பிள்ளைகளுக்கு. (தேசவழமை என்ற வழமைச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்று மட்டக்களப்பில் இன்னும் சிலர் நம்புகிறார்கள். பொருந்தாது, அது வடக்குக்கு உரியது.) அதனால் முறைப்பாட்டில் அம்மா முதலாவதாகவும், காசு கட்டியவர் என்ற முறையில் அண்ணன் அடுத்ததாகவும் கையெழுத்து வைக்கட்டும். எந்தச் சூழ்நிலையில் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது, அப்போது யார் யார் நின்றார்கள் என்பதை நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள்.

எம்பாம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்காத வேலைக்குக் காசு கேட்க முடியாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்று வீட்டில் யாராவது சொன்னார்களா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

இன்றே செய்ய வேண்டியது, விபரமான பற்றுச்சீட்டு கேட்டு மலர்ச்சாலைக்கு ஒரு பதிவுத் தபால். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. எந்தெந்தச் செலவு அட்டைக்குள் அடங்கியது, எது நீங்கள் பிறகு கேட்டு எடுத்தது என்று அதில் பிரிந்து தெரிய வேண்டும். மேலதிகக் கதிரை, வானொலி அறிவித்தல் போன்றவற்றை நீங்கள் கேட்டிருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் திருப்பிக் கேட்கலாம். அவர்கள் பதில் தரட்டும் என்று காத்திராமல், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்டப் பணிமனைக்கு முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். விசாரித்தபின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. அட்டையின் நிழற்பிரதியைக் கொடுங்கள், மூலப்பிரதி உங்கள் கையை விட்டுப் போகக்கூடாது.

மூன்று மாதம் தவறினாலும் வழி அடைபடாது. எழுத்து ஒப்பந்தம் என்றால் உரிமை மீறப்பட்டதிலிருந்து ஆறு வருடம் வரை நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம். ஆனால் இப்படிச் சிறு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, நீங்களே பேச வேண்டும். உண்மையைச் சொன்னால் உங்கள் வழக்குக்கு அதுதான் நல்ல இடம். ஊருக்குள் பெயர் கெடும் என்ற பயத்தில் மலர்ச்சாலைக்காரரே பாதி வழி இறங்கி வரக்கூடும். சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

இப்போது அம்மா. சேர விடாதீர்கள் என்பதே என் ஆலோசனை. வங்கியில் போட்ட காசுக்கு வைப்புக் காப்புறுதி இருக்கிறது, காப்புறுதிக் கம்பனிக்கு மேற்பார்வை செய்ய ஓர் ஆணைக்குழு இருக்கிறது. மலர்ச்சாலையிடம் முன்கூட்டிக் கொடுத்த காசுக்கு இவை எதுவும் இல்லை. கடை மூடப்பட்டால், அல்லது முதலாளி மாறினால், அம்மா மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த முகவர் ‘வட்டியும் தருவோம்’ என்று சொல்கிறாரா? அப்படியானால் 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டப்படி அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த முறை வரமாட்டார்.

அம்மா மாதாமாதம் ஒதுக்க நினைக்கும் தொகையை உங்களோடு கூட்டுக் கணக்கில் போடட்டும். ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கலாம் என்ற நிபந்தனையை வங்கியில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தனிக் கணக்கில் பின்னுரித்தாளியாகப் பெயர் போட்டால் காசு பாதுகாப்பாக இருக்கும், ஆனால் மரண அத்தாட்சிப் பத்திரம் கையில் வந்த பிறகுதான் எடுக்க முடியும். பெட்டிக்காரர் அதுவரை நிற்கமாட்டார்.

உடனடிச் செலவுக்கு எங்கள் ஊர்களில் மரண உதவிச் சங்கத்தைவிட மலிவான ஏற்பாட்டை நான் காணவில்லை. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் ஜனாஸாவைப் பள்ளியும் ஜமாஅத்தும் எப்படிப் பொறுப்பெடுக்கின்றன என்று பாருங்கள். உடலைச் சுமந்து செல்லும் சந்தூக்கு பள்ளிக்கே திரும்பிப் போகும், பெட்டிக்கென்று ஒரு சதம் செலவில்லை. நாங்கள் தேக்கா, வேறு பலகையா என்று அந்த நேரத்தில் கௌரவம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மரண உதவிச் சங்கத்தில் சேருமுன் அதன் யாப்பை, அதாவது சங்க விதிகளை, கேட்டு வாங்கி வாசியுங்கள். சந்தா எத்தனை மாதம் நிலுவையானால் உதவி நிற்கும், புதிய அங்கத்தவருக்கு வயதெல்லை உண்டா, வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வைக்கிறார்களா, பிரதேச செயலகத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வருடக் கூட்டத்தில் கணக்கு வாசிக்காத சங்கத்தில் சேர வேண்டாம். சமுர்த்தி சமூகப் பாதுகாப்பு நிதியில் அம்மாவின் பெயர் இருந்தால் அதில் மரணக் கொடுப்பனவு இப்போதும் கிடைக்குமா என்று உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

அடக்கமா எரிப்பா, எத்தனை நாள் வைத்திருப்பது, எம்பாம் வேண்டுமா, எந்தப் பெட்டி என்பதை அம்மாவைக் கொண்டே ஒரு தாளில் எழுதுவித்து, பிள்ளைகள் எல்லோருக்கும் பிரதி கொடுங்கள். மரண சாசனத்தில் எழுத வேண்டாம். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சியோடு எழுதுகிற அந்தப் பத்திரம் காணி, வீடு பிரிக்கத்தான். அதை யாரும் எட்டுச் செலவு முடியுமுன் திறந்து பார்ப்பதில்லை.